பற்றரியின் நாடி பார்க்கும் சின்ன மீற்றர்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரை வியாபாரிகள் பற்றரி தேடி அலைந்தது நினைவிருக்கும். அதில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்பது வெளியே தெரியாது. 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி நிறைந்திருந்தால் ஓய்வில் 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும்.

மகனைப் பிடித்து நானும் ஒரு மீற்றர் செய்வித்தேன். ஆர்டுயினோ நானோ ஒன்று, 30 கிலோ ஓம், 7.5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 0.96 அங்குலத் திரை, அவ்வளவுதான். ஆர்டுயினோ 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரெசிஸ்டர்கள் வோல்ட்டை ஐந்தில் ஒன்றாக்கிக் கொடுக்கும். நல்ல மீற்றர் ஒன்றோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட் லைனில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!

பழைய பற்றரி வாங்கப் போகிறீர்களா? அப்போதுதான் சார்ஜ் ஏற்றிய பற்றரி, பழுதானாலும் 12.7 காட்டும். பல்ப் ஒன்றைப் பத்து நிமிடம் எரியவிட்டு, எண் மளமளவென்று இறங்காவிட்டால் காசைக் கொடுங்கள்.