மீன் மாட்டுறது மேஜையிலதான்!

‘‘அறுத்துக்கிட்டுப் போயிடுச்சுண்ணே... செம சைஸ்!’’

முட்டுக்காடு கழிமுகத்தோரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் ராடை வைத்துக்கொண்டு நான் புலம்ப, பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அறுபது வயது அண்ணன் என் நரம்பு முனையை வாங்கிப் பார்த்தார்.

‘‘மீன் எங்கப்பா அறுத்துச்சு? முனை பன்னி வாலாட்டம் சுருண்டு கெடக்குது பாரு. நீ போட்ட முடிச்சு அவுந்துக்கிச்சு. பாவம், வாயில முள்ளோட போவுது அது!’’

மானம் போனது ஒரு பக்கம். அந்தக் கடைசி வரிதான் ராத்திரி தூங்கவிடவில்லை. மீன் போனால் இன்னொரு மீன். ஆனால், நான் ஒழுங்காக முடிச்சுப் போடாததற்கு அது ஏன் முள்ளைச் சுமக்க வேண்டும்? அதற்கு அடுத்த வாரமே ரூமில் ஒரு மூலையைப் பிடித்தேன். தூண்டில் கட்ட ஒரு குட்டி ஒர்க் ஷாப்!

‘கரையில உட்கார்ந்து கட்டினா போதாதா?’ என்கிறீர்களா? காற்று, வெயில், ஈரக் கை, ‘அதோ துள்ளுது’ என்கிற அவசரம்... இதற்கு நடுவில் போடும் முடிச்சு, எக்ஸாம் ஹாலில் கடைசி அஞ்சு நிமிஷத்தில் எழுதின ஆன்ஸர் மாதிரிதான் இருக்கும்!

மேஜை ரெடியா?

பெரிய செலவு வேண்டாம் மக்களே. ப்ளஸ் டூவில் வாங்கிய பரீட்சை அட்டை இருக்கிறதா? அதன் கிளிப்தான் உங்கள் மூன்றாவது கை. நரம்பின் ஒரு முனையை அது கவ்விக்கொள்ளும். அட்டை மேல் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள். கண்ணுக்கே தெரியாத நரம்பு பளிச்சென்று தெரியும். ஒரு டேபிள் லேம்ப், மூக்குக் குறடு, நரம்பு நறுக்க நெயில் கட்டர், ஒரு ஸ்கேல். அவ்வளவுதான் டூல்ஸ்!

அடுத்து, ஒரு பலகையில் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி. ஒன்றில் முள், இன்னொன்றில் ஸ்விவல். நடுவில் கட்டினால் பத்துக் கட்டினாலும் ஒரே நீளத்தில் வரும்.

பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றும் முக்கியம். வேலை முடிந்ததும் தரையில் ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். அம்மா வெறுங்காலோடு நடக்கிற வீட்டில் ஒரு முள் காணாமல் போனால், தொலைந்தது நீங்கள்!

நம்பர் குழப்பம்

முள் வாங்கும்போது எல்லோரும் குழம்புகிற இடம் இது. நம்பர் 10 முள்ளைவிட நம்பர் 4 பெரியது. கிளாஸ் ரேங்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்... நம்பர் குறையக் குறைய ஆள் பெரிய ஆள்! ஆனால், 1-ஐத் தாண்டினால் கதை மாறும். 1/0, 2/0, 3/0 என்று நம்பர் ஏற ஏறப் பெருசு. ஜிலேபிக்குச் சின்ன முள் போதும். கொடுவாவுக்கு அது ஆகாது.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி கூர்மை. மெல்லிசு நரம்பு அதில் பட்டால் ‘சரக்’! அதனால், முள்ளுக்கு முன்னால் வருகிற அந்த ஒரு முழம் மட்டும் தடித்த நரம்பாக இருக்கட்டும். மெயின் நரம்பு 20 பவுண்டு என்றால், முன் நரம்பு 40 பவுண்டு.

கட்டும் வரிசை இதுதான். மெயின் நரம்பில் முதலில் துளை போட்ட ஈயக் குண்டு, அப்புறம் ஒரு பாசிமணி, அப்புறம் ஸ்விவல். ஸ்விவலின் மறு முனையில் முன் நரம்பு, அதன் நுனியில் முள். மீன் இரையை இழுக்கும்போது நரம்பு மட்டும் ஈயத்துக்குள் நழுவி ஓடும். ஈயத்தின் கனம் தெரியாததால், மீன் சந்தேகப்படாது. ஈயம் முடிச்சில் மோதி நசுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாசிமணியின் வேலை. ஸ்விவலோ தானே சுழன்று, நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் காப்பாற்றும்.

எச்சில் ரகசியம்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, தன் மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். முனையைக் காதுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வளையத்தில் விட்டு, அதனால் உண்டாகிற பெரிய வளையத்திலும் விட்டு வாங்குங்கள். இழுப்பதற்கு முன்னால் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நைலானை இறுக்கினால் உரசலில் சூடாகும். சூடானால் அந்த இடத்தில் பலம் போய்விடும். நனைத்து, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இறுக்குங்கள். சுற்றுகள் ஸ்பிரிங் மாதிரி ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் யோசிக்காதீர்கள்... வெட்டிவிட்டு மறுபடி! மிச்ச முனையை ஒட்ட நறுக்காமல் 2 மில்லிமீட்டர் விடுங்கள்.

கடைசியாக டெஸ்ட். முள்ளை ஆணியில் மாட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு பலமாக இழுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முள் தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். அவிழ்கிற முடிச்சு மேஜையிலேயே அவிழ்ந்துபோகட்டும், மீன் வாயில் வேண்டாம்.

கட்டியதை வைக்க ஸ்பெஷல் பெட்டி வாங்காதீர்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பை நீளவாக்கில் வெட்டி, விளிம்பில் முள்ளைக் குத்தி, நரம்பைச் சுற்றி, குண்டூசியால் நிறுத்துங்கள். மேலே பேனாவால் ‘40 பவுண்டு – 2/0’ என்று எழுதிவிட்டால் முடிந்தது.

மூணு ‘கூடாது’

ஈயத்தை வீட்டில் உருக்கக் கூடாது. ஈயம் விஷம். பல்லால் கடித்து நசுக்குவதும் வேண்டாம், குறடு எதற்கு இருக்கிறது? தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பஜ்ஜியைத் தொடாதீர்கள். அன்னப் பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால், சின்ன ஈயக் குண்டுகளின் விற்பனையைப் பிரிட்டன் 1987-லேயே தடை செய்துவிட்டது.

விரலில் முள் ஏறினால் வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. உள்ளே இருக்கிற எதிர்முள் சதையைக் கிழிக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிட்டு, டி.டி. ஊசியும் கேளுங்கள்.

வெட்டிய நரம்பைத் தண்ணீரிலோ மணலிலோ போடக் கூடாது. நைலான் லேசில் மக்காது. காக்கா காலிலும் ஆமை கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். 1988-லிருந்து சென்னைக் கடற்கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றுவது மாணவர்கள்தான். அவர்கள் உழைப்பை நாம் கெடுக்கலாமா? மேஜையிலேயே ஒரு காலி வாட்டர் பாட்டில் வைத்து, துண்டு துண்டாக நறுக்கிப் போடுங்கள்.

அந்தப் பெரிய மீன்...

கொடுவா பற்றி அப்புறம்தான் படித்தேன். பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன் அது. அதாவது, பெரிய மீன் என்றாலே அநேகமாகத் தாய் மீன். லட்சக்கணக்கில் முட்டை போடுகிற ஒன்று! நான் முள்ளோடு அனுப்பி வைத்ததும் அப்படி ஒன்றாக இருக்கலாம். இப்போது பெரிசு மாட்டினால் போட்டோ எடுத்துவிட்டு, தண்ணிக்கே அனுப்பிவிடுகிறேன்.

போன மாசம் மறுபடி முட்டுக்காடு. அதே அண்ணன். என் ரப்பர் செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் நெருடினார். இழுத்தும் பார்த்தார்.

‘‘யாரு கட்டுனது?’’

‘‘நான்தாண்ணே.’’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

‘‘எனக்கும் ஒரு நாலு கட்டியாந்து குடுப்பா. இப்பல்லாம் கண்ணு சரியாத் தெர்ல.’’