மருந்தில் மிஞ்சும் காசு

அமெரிக்காவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சமூக மருத்துவ மையங்கள் சில மருந்துகளை ஒரே ஒரு சென்ட்டுக்கு வாங்குகின்றன. 1992-இல் வந்த 340பி என்ற சட்டப்பிரிவு அதற்கு வழி செய்கிறது.

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்எய்ட் தங்கள் மருந்துகளை ஏற்க வேண்டுமானால், கம்பெனிகள் இந்த மையங்களுக்கும் குறிப்பிட்ட சில மருத்துவமனைகளுக்கும் விலையைக் குறைத்தே தீர வேண்டும். பிராண்டு மருந்துகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 23.1 சதவீதம், ஜெனரிக்குக்கு 13 சதவீதம். விலைவாசி உயர்வை மிஞ்சி விலையை ஏற்றினால், அந்த மிகுதியும் கழிபடும். ஏற்றிக்கொண்டே போனால் கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்கும். அப்போதுதான் அந்த ஒரு சென்ட்.

தள்ளுபடி போய்ச் சேருவது மையத்துக்கு, நோயாளிக்கு அல்ல. இங்கேதான் வம்பு ஆரம்பம். 100 டாலர் மருந்தை மையம் 60-க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியார் காப்பீடு உள்ளவர் வந்தால் காப்பீட்டு நிறுவனம் வழக்கமான விலையைத் தரும்; மிச்சம் மையத்தின் கையில். காப்பீடே இல்லாதவருக்கு வருமானத்தைப் பார்த்து வாங்கிய விலைக்கோ அதற்கும் கீழேயோ கொடுக்கலாம். மிஞ்சிய காசு பல் மருத்துவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் போகும்.

இந்த மையங்களுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவரான டாக்டர் ஜாக் கைகர், 1960-களில் மிசிசிப்பியின் மவுண்ட் பேயூவில் பட்டினி கிடந்த குடும்பங்களுக்குச் சாப்பாட்டையே மருந்தாக எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடை பில் மருந்தகக் கணக்கில் ஏறியது. மேலிடம் விளக்கம் கேட்டது; ஊட்டக்குறைவுக்குச் சாப்பாடுதான் சிகிச்சை என்றார். ஆக, மருந்துப் பணம் மருந்துக்கு மட்டுமே என்று அவர்கள் அன்றே நினைக்கவில்லை.

கம்பெனிகளின் புகார், மருத்துவமனைகள் மிச்சத்தை என்ன செய்கின்றன என்று சட்டம் கேட்பதில்லை என்பது. நியாயமான கேள்விதான், 2023-இல் இத்திட்டத்தில் வாங்கிய மருந்து சுமார் 6,600 கோடி டாலர், பெரும்பங்கு மருத்துவமனைகளுடையது. மானியம் பெறும் சமூக மையங்களோ மிச்சத்தைச் சேவையிலேயே போட வேண்டும். ஆனாலும் தள்ளுபடி மருந்தை வெளி மருந்துக் கடைகள் வழியாக வழங்குவதற்கு 2020-இல் எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனி கொண்டுவந்த கட்டுப்பாடு மையங்களையும் சேர்த்தே அடித்தது. சொந்த மருந்தகம் இல்லையா, ஒரே ஒரு வெளிக் கடையை வைத்துக்கொள் என்றது. பல ஊர்களில் பரவிக்கிடக்கும் மையத்துக்கு ஒரு கடை எந்த மூலைக்கு? இத்தகைய தடைகளுக்கு எதிராக ஆர்கன்சா மாநிலம் 2021-இல் சட்டம் போட்டது. 2024-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அது செல்லும் என்றது. வேறு மாநிலங்களும் அதே வழியில் சட்டம் கொண்டுவர, கம்பெனிகள் ஒவ்வொன்றாக வழக்குப் போட்டுவருகின்றன.