தொழிலாளர் இல்லமும் வைத்திய சாலையும்

செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் வயல்கள் இருந்த இடத்தில் ஆலைகளும் விடுதிகளும் எழுந்திருப்பதைக் காண்பர். வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடியே 50 லட்சம் ரூபாய்ச் செலவில் எழுப்பிய தொழிலாளர் குடியிருப்பு 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. அதில் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை ஒரே வளாகத்தில் அடங்குகிறதென்றால், அந்நகருக்குரிய வைத்திய வசதியும் அருகிலேயே அமைய வேண்டுமென்பதை யார் மறுப்பர்?

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பூந்தமல்லியை அடுத்த விடுதியொன்றில் உணவு விஷமாகி, நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். அப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

இதற்குப் பணம் எங்கே என்று சிலர் வினவக்கூடும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில், 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஊதியத்தில் நூற்றுக்கு மூன்றேகால் பங்கை முதலாளியும் முக்கால் பங்கைத் தொழிலாளியும் செலுத்துவதென விகிதம் வகுக்கப்பட்டது. மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒருத்தியின் பொருட்டு இவ்வாறு சேருவது 600 ரூபாய். 18,720 பேருக்கும் இவ்வாறே கணக்கிட்டால், மாதந்தோறும் 1 கோடியே 12 லட்சத்துக்கு மேலாகிறது! பிரசவம், விபத்து, நோய்க்கால ஊதியம் முதலிய செலவுகளும் இந்நிதியைச் சார்ந்தவையே எனினும், ஒரு சிறு பங்கு வைத்தியர், செவிலியர் சம்பளத்துக்குப் போதாதா?

கம்பெனிகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அப்பணம் கட்டிடத்துக்கும் கருவிகளுக்கும் உதவும். ஆயின் லாபம் குன்றினால் அதுவும் குன்றுமாதலின், அன்றாடச் செலவுக்கு அதனை நம்புதல் விவேகமன்று. வளாகங்களில் கடைகளும் பாங்கிகளும் அமையுமிடத்து, அவற்றின் வாடகையில் ஒரு பங்கை வைத்திய சாலைக்கென்றே ஒப்பந்தத்தில் எழுதிவிடல் வேண்டும். கொடையாளியின் மனம் மாறினும் எழுதிய வாடகை மாறாது.

திறப்பு விழாவுக்குப் பணம் தேடுவது எளிது. பத்தாம் ஆண்டில் மருந்து வாங்கப் பணம் தேடுவதே அரிது. ஆதலின் சர்க்காரும் முதலாளிகளும் நிலையான நிதியை முதலிலேயே வகுத்து, அதன் கணக்கைத் தொழிலாளப் பெண்களின் பிரதிநிதிகள் பார்வையிடவும் இடமளிப்பார்களாக. அவர்கள் கேட்பது தானமன்று. தங்கள் ஊதியத்தில் பிடித்த பணத்துக்குரிய பயனையே கேட்கின்றனர்.