‘லிட்டர்ஜி’யும் திருவழிபாடும்

கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுவழிபாட்டைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘லிட்டர்ஜி’ என்பது கிரேக்க ‘லெய்த்தூர்கியா’வின் வழிவந்த சொல்லாகும். அதன் முற்கூறு ‘பொது, மக்களுக்குரிய’ எனவும், பிற்கூறு ‘செயல், பணி’ எனவும் பொருள்படும். இவற்றைக் கூட்டி ‘மக்களின் செயல்’ என விளக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. சொல்லின் வரலாறு இவ்விளக்கத்துக்கு முற்றும் துணைநிற்கவில்லை.

பண்டை ஏதென்சில் செல்வர் தம் பொருளைச் செலவிட்டு நாடகவிழாவின் பாடற்குழுவைப் பேணினர். போர்க்கலம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தினர். ஊர்ப் பொதுவுக்காக ஒருவர் ஏற்ற இக்கடமையே லெய்த்தூர்கியா. நம் கோயில் விழாக்களின் மண்டகப்படியை அறிந்தார்க்கு இது புதிதன்று. ஆகவே ‘மக்கள் செய்யும் பணி’ என்பதினும் ‘மக்களுக்காகச் செய்யப்படும் பணி’ என்பதே மூலத்துக்கு அணித்தானது.

எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் இச்சொல்லை ஆலயக் குருக்களின் பணிக்கு ஆண்டனர். லூக்கா நற்செய்தியில் செக்கரியாவின் ஆலயப்பணியும் இதுவே. ஆனால் கொரிந்தியருக்கு எழுதப்பெற்ற இரண்டாம் திருமுகத்தில் வறியோர்க்குத் திரட்டிய நன்கொடையும் இச்சொல்லால் சுட்டப்படுகிறது. கீழைத் திருச்சபைகளில் நற்கருணைக் கொண்டாட்டத்துக்கே இது சிறப்புப் பெயராயிற்று. இலத்தீன் மேற்கில் ‘ஒஃபிச்சியும்’, ‘மினிஸ்தேரியும்’ போன்றவையே நெடுங்காலம் வழங்கின. ‘லிட்டூர்கியா’ 16ஆம் நூற்றாண்டளவிலேயே அங்குப் புகுந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட சாசனம், இதனைக் கிறிஸ்துவின் குருத்துவப் பணியின் நிறைவேற்றமாகக் காண்கிறது. தலையாகிய அவரும் உறுப்புகளாகிய மக்களும் ஒருங்கே ஆற்றும் பொதுவழிபாடு என்கிறது. எனவே செய்வோர் குரு மட்டுமல்லர். கூடியிருக்கும் மக்கள் மட்டுமல்லர். செபமாலை போன்ற பக்திமுயற்சிகளை அச்சாசனம் பரிந்துரைப்பினும் அவற்றை இதனுள் அடக்கவில்லை.

தமிழில் நிலைபெற்ற பெயர் ‘திருவழிபாடு’. ‘வழிபடு’ தொல்காப்பியத்திலேயே தெய்வத்தோடு இணைந்து வரும் பழஞ்சொல். வழிச்செல்லல், பணிதல் என்பன அதன் அடிப்பொருள். பொதுமை, செயல் எனும் மூலக்கூறுகள் இரண்டும் அதில் இல்லை. பக்திமுயற்சியினின்று பிரித்துக்காட்டும் பொறுப்பு ‘திரு’ என்னும் அடைமேல் விழுகிறது. அவ்வடையோ திருவிழா, திருச்செபமாலை என எங்கும் ஒட்டுவது. வேறுபாட்டைத் தாங்கும் வலிமை அதற்கில்லை.

இவ்விரு கூறுகளுக்கும் நெருங்கிய தமிழ்ச்சொல் ‘திருப்பணி’ எனலாம். ‘பணி’ என்பது வேலை, தொண்டு, வணக்கம் மூன்றையும் ஒருங்கே தாங்கும் அரிய சொல். ஆயினும் கோயிலைப் புதுப்பித்தல் எனும் பொருள் அதில் வேரூன்றிவிட்டது. கத்தோலிக்க வழக்கில் ‘திருப்பணியாளர்’ என்பது அருள்பொழிவு பெற்றோரைச் சுட்டுகிறது. அதனைக் கொண்டால் மக்களின் பங்கு மறையும்.

இச்சிக்கல் மறைநூற் பெயர்ப்பில் கூர்மையடைகிறது. வறியோர்க்கான நன்கொடையை ‘வழிபாடு’ என்றால் வாசகர் திகைப்பார். ‘தொண்டு’ என்றால் தெளிவு கிட்டும், ஆனால் பலிபீடத்தையும் காணிக்கைப் பையையும் இணைத்த சொல்லிழை அறுந்துபோகும்.