எரிமலையில் 16 காவலாளிகள்!

கம்பி இல்லாமல் சேதி சொன்ன சின்னஞ்சிறு பெட்டிகள்

தென் அமெரிக்காவில் உள்ள நாடு ஈக்குவடார். அங்கே ரெவென்டடோர் என்று ஓர் எரிமலை உண்டு. 2002-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி அது பயங்கரமாக வெடித்தது. அதன் சாம்பல் தலைநகரமான கீட்டோ வரை பறந்து போய் விழுந்தது.

எரிமலையின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? இதை அறிந்தால்தான் மக்களை எச்சரிக்க முடியும். அதற்கு, பூமி அதிர்வதைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் அளக்க வேண்டும். கனமான கருவிகளை மலைமேல் சுமந்து செல்வது பெரும் பாடு.

2005-ம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு புது வழி கண்டார்கள்.

கை மாறிய சேதி

16 சிறு பெட்டிகளை மலைச் சரிவில் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாக வைத்தார்கள். டார்ச் லைட்டுக்குப் போடுவது போன்ற இரண்டு பாட்டரிகளே ஒரு பெட்டிக்குப் போதும். கம்பி கிடையாது. தீயை அணைக்கத் தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றுவது போல, ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு வானொலி அலை மூலம் சேதியைக் கொடுக்கும். கடைசியில் அது தூரத்தில் உள்ள கம்ப்யூட்டரை அடையும்.

ஒவ்வொரு பெட்டியும் வினாடிக்கு 100 தடவை அளக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால்? சந்தைக் கூச்சல்தான்! எதுவும் காதில் விழாது.

என்ன ஏற்பாடு?

கடைசி 20 நிமிடக் கணக்கைப் பெட்டி தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதிர்வு கண்டால், "கண்டேன்" என்று மட்டும் சொல்லும். ஒரு பெட்டியின் பேச்சைக் கம்ப்யூட்டர் நம்பாது. 10 வினாடிக்குள் 100-க்கு 30 பங்குக்கு மேல் பெட்டிகள் சொன்னால்தான் நம்பும். பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டு, 60 வினாடிக் கணக்கை வாங்கும். கணக்கு துண்டு துண்டாக, எண் போட்டு வரும். ஒரு துண்டு வழியில் தொலைந்தால், அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும்.

தொல்லை எங்கே வந்தது?

முதலில் ஒரு சோதனை. பெட்டிகளுக்கு எழுதிய கட்டளையில் பிழை! 3 நாள் எல்லாம் நின்றுவிட்டன. விஞ்ஞானிகள் மலைக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு பெட்டியாகச் சரி செய்தார்கள். பிறகு வேலை நடந்தது. 19 நாட்களில் 200-க்கு மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின.

அதன் பின்பும் தடங்கல் வந்தது. எரிமலையிலா? இல்லை! கம்ப்யூட்டர் இருந்த இடத்தில்தான். அங்கே அடிக்கடி மின்சாரம் நின்றது. மழையில் நனைந்த பெட்டிகள் உறுதியாக நின்றன. கூரைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது!

சேதியை அனுப்பினால் மட்டும் போதாது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். சேராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். வாங்குகிறவரும் விழித்திருக்க வேண்டும். 16 காவலாளிகள் கற்றுக் கொடுத்த பாடம் இதுதான்.