பெரிய எண்களைக் கழித்தல்

கிங்ஸ் சர்க்கிள், தாராவி, செம்பூர் ஆகியவற்றை உள்ளடக்கியது பெருநகர மும்பை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,19,78,450. அது 2011இல் 1,24,42,373 ஆயிற்று. பத்து ஆண்டுகளில் கூடியது எவ்வளவு?

ஒன்றுகளின்கீழ் ஒன்றுகள், பத்துகளின்கீழ்ப் பத்துகள் என இடமதிப்புப் பிறழாமல் எழுதுக.

  1,24,42,373
− 1,19,78,450
————————
     4,63,923

வலப்புறத்திலிருந்து தொடங்குவோம். 3 − 0 = 3; 7 − 5 = 2. நூறுகளின் இடத்தில் 3இலிருந்து 4ஐக் கழிக்க இயலாது. ஆகவே, ஆயிரங்களின் இடத்திலிருந்து ஓர் ஆயிரத்தைப் பெற்று, பத்து நூறுகளாக மாற்றுகிறோம்; 13 − 4 = 9. இதனைக் 'கடன் வாங்குதல்' என்பர். திருப்பிக் கொடுக்காததைக் கடன் என்பதைவிட, நூறு ரூபாய்த் தாளைப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றுதல் என்பதே பொருந்தும்.

ஆயிரங்களின் இடத்தில் இருந்த 2 இப்போது 1 ஆகிவிட்டது. இதனை மறந்தால் விடை பிழையாகும். இங்கும் மாற்ற வேண்டும்: 11 − 8 = 3. அவ்வாறே அடுத்த இரண்டு இடங்களில் 13 − 7 = 6; 13 − 9 = 4. எஞ்சிய இரண்டு இடங்களிலும் 1 − 1 = 0.

விடையைக் கீழ் எண்ணுடன் கூட்டுக. மேல் எண் வருதல் வேண்டும்.

பிறந்தோரையும் வந்தோரையும் கூட்டி, இறந்தோரையும் சென்றோரையும் நீக்கிய தொகையே 4,63,923. நம்மைப் போல் வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர் எத்தனை பேர் என்பதை இக்கழித்தல் தனியே காட்டாது.