பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?



நோயாளியைப் பற்றிப் பல தடவை பேசியாகிவிட்டது. இந்த மாதம் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

செம்பனைக் காட்டில் உரம் போடும் ஓர் அம்மா. கணவருக்குப் பக்கவாதம், வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தலைவலி என்று அந்த அம்மா மூன்று தடவை என்னிடம் வந்தார். மூன்று தடவையும் பெனடோல் கொடுத்து அனுப்பினேன். அது என் தவறு. நாலாவது தடவைதான், "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஐயா தூங்குறது? கண்ணை மூடினா அவருக்கு மூச்சு நின்னுடுமோன்னு பயம். விடிய விடிய நெஞ்சையே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். இரத்த அழுத்தம் 180/110! கணவரை விட்டுக் கிளினிக் போக முடியாமல், தம்முடைய பிரஷர் மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார். அன்றே டாக்டரிடம் அனுப்பினேன்.

இந்தப் பயம் கோழைத்தனம் அல்ல. எது ஆபத்து என்று தெரியாவிட்டால், மனம் எல்லாவற்றையும் ஆபத்தாகவே பார்க்கும். ஆகவே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்:

1. வாய் கோணுதல், கை கால் புதிதாக விழுதல், பேச்சுக் குழறல், நினைவு தப்புதல், மூச்சுத் திணறல் கண்டால் உடனே 999. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

2. நிமிர்த்தி உட்கார வைத்தே சாப்பாடு கொடுங்கள். படுத்த வாக்கில் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும்.

3. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராமல் காக்கும்.

இவற்றைச் செய்தால் உங்கள் கடமையைச் செய்துவிட்டீர்கள். விடிய விடிய விழித்திருப்பது யாருக்கும் மருந்தாகாது.

அடுத்தது, இரவைப் பங்கு போடுங்கள். பெரட்டில் வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்லையா? அதைப் போலத்தான். "பொம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று ஆண்கள் ஒதுங்கக் கூடாது.

பயத்தில் படபடப்பு வந்தால், உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையில் ஊன்றுங்கள். மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வாயால் விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நெஞ்சு வலித்தால் மட்டும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "செத்தால் தேவலை" என்ற எண்ணம் வந்தால் மறைக்காதீர்கள்; அன்றே என்னைப் போன்றவரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

பணக் கவலையும் பயத்தை வளர்க்கும். சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் பெறுபவருக்கு எந்நேரமும் ஆள் துணை தேவை என்று மருத்துவக் குழு உறுதி செய்தால், மாதம் 500 வெள்ளி பராமரிப்பு உதவித்தொகை உண்டு. பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்.

அந்த அம்மாவின் மகன் இப்போது இரவு 10 மணி முதல் 2 மணி வரை அப்பாவைப் பார்த்துக்கொள்கிறான். அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார். போன வாரம், "நாலு மணி நேரம் தூங்குனேன் ஐயா" என்று சிரித்தார்.

அடுத்த முறை நோயாளி வீட்டுக்குப் போனால், நோயாளியை விசாரித்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நீங்க தூங்குனீங்களா?"